பச்சைச் சளியை விடுங்கள், நெஞ்சைப் பாருங்கள்

கேள்வி இது: இரண்டரை வயதுப் பையன், எடை 12 கிலோ. ஜூனில் பிளேஸ்கூலில் சேர்த்ததிலிருந்து இது நான்காவது சளி. முதல் இரண்டு நாள் 101 டிகிரி காய்ச்சல் இருந்து விட்டுவிட்டது. இன்று ஐந்தாம் நாள், மூக்குச் சளி பச்சையாக, கெட்டியாக வருகிறது; ராத்திரியில் இருமல். அவனிடமிருந்து ஐந்து மாதத் தங்கைக்கும் ஒட்டிக்கொண்டு, அவள் மூக்கடைப்பால் பால் குடிக்கத் திணறுகிறாள். வேது பிடிக்கச் சொல்கிறார் மாமியார். கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெய் தடவவும் சொல்கிறார். மருந்துக்கடையில் ஒரு சிரப்பும் ஒரு ஆன்டிபயாடிக்கும் கொடுத்திருக்கிறார்கள். இவற்றைக் கொடுக்கலாமா? நெபுலைசர் வைக்க வேண்டுமா? பையனுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவா?

நான் ஒரு சிறிய ஊரில் இருபது வருடத்துக்கு மேலாகக் குழந்தைகளைப் பார்த்து வருகிறவன். மழைக்காலத்தில் என் கிளினிக்கில் பாதிப் பேர் இந்தக் கேள்வியோடுதான் உட்கார்ந்திருப்பார்கள். முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்: பையனைப் பற்றிப் பெரிய கவலை வேண்டாம். பாப்பாவை மட்டும் இன்றே ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பால் குடிக்கத் திணறுவது ஐந்து மாதக் குழந்தைக்குச் சின்ன விஷயம் இல்லை.

பையனுக்கு வந்திருப்பது சாதாரண வைரஸ் சளி. இதற்குக் காரணமாகும் வைரஸ்களில் முதலிடம் ரைனோவைரஸுக்கு. அதில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒரு வகை வந்துபோனால் இன்னொன்றுக்குப் பாதுகாப்புக் கிடைப்பதில்லை. அதனால் ஐந்து வயதுக்குட்பட்ட ஒரு குழந்தைக்கு வருடத்துக்கு ஆறு முதல் எட்டு தடவை சளி பிடிப்பது இயல்பு. பிளேஸ்கூல் போகும் குழந்தைக்கு முதல் வருடம் பத்துக்கு மேலும் போகும். ஒவ்வொன்றும் பத்து நாள், இருமல் அதற்கு மேலும் ஒரு வாரம் பத்து நாள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். "டாக்டர், இவனுக்கு வருஷம் பூரா சளிதான்" என்று அம்மாக்கள் சொல்வது மிகைப்படுத்தல் இல்லை, வெறும் கூட்டல் கணக்கு. எதிர்ப்புச் சக்தி குறைவாக இருக்கும் குழந்தையின் கதை வேறு மாதிரி இருக்கும்: திரும்பத் திரும்ப நிமோனியா, காதில் விடாமல் சீழ், தோலில் கட்டிகள், எடை ஏறாமல் நிற்பது. இரண்டு சளிக்கு நடுவில் ஓடி விளையாடி, சோறு சாப்பிட்டு, எடை ஏறுகிற பையனுக்கு எதிர்ப்புச் சக்தி சரியாகத்தான் வேலை செய்கிறது.

அடுத்து அந்தப் பச்சை நிறம். இதைப் பார்த்ததும் "உள்ளே சளி முற்றிப்போச்சு, ஆன்டிபயாடிக் வேணும்" என்று வீடே முடிவுசெய்துவிடும். தொற்றை எதிர்த்து மூக்குக்கு வந்து சேரும் வெள்ளையணுக்களுக்குள் ஒரு பச்சை நிற நொதி இருக்கிறது. அந்த அணுக்கள் கூடக் கூட, சளி தண்ணீர் மாதிரி இருந்தது வெள்ளையாகி, மஞ்சளாகி, பச்சையாகும். வைரஸ் சளியிலேயே மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாறு நாள் வரை இப்படி வருவது வழக்கம். பிறகு தானாகத் தெளியும். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்கானது. இந்த வைரஸை அது தொடாது. வயிற்றுப்போக்கு வேண்டுமானால் கிடைக்கும்.

ஆன்டிபயாடிக் பற்றி யோசிக்க வேண்டிய கட்டங்கள் சில உண்டு. மூக்குச் சளியோ பகல் இருமலோ பத்து நாள் தாண்டியும் கொஞ்சம்கூடக் குறையாமல் இருப்பது ஒன்று. நன்றாகத் தேறி வந்த குழந்தைக்கு ஆறேழு நாள் கழித்து மறுபடி காய்ச்சல் ஏறுவது இன்னொன்று. ஆரம்பத்திலிருந்தே 102 டிகிரிக்கு மேல் காய்ச்சலும் கெட்டிச் சளியும் மூன்று நாள் விடாமல் சேர்ந்திருப்பது மூன்றாவது. இவை சைனஸில் பாக்டீரியா புகுந்ததற்கான அடையாளங்கள். உங்கள் பையன் இதில் எதிலும் இல்லை. கடைக்காரர் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பாதி பாட்டிலை அடுத்த சளிக்கு என்று ஃப்ரிட்ஜில் எடுத்துவைக்கும் பழக்கம் வேண்டாம்.

இப்போது பாப்பா. முதல் சில மாதங்களில் குழந்தைகள் பெரும்பாலும் மூக்கு வழியாகத்தான் மூச்சு விடுவார்கள். பால் குடிக்கும்போது வாய் அடைபட்டிருக்கும், மூக்கும் அடைத்துக்கொண்டால் இரண்டு மடக்கு குடித்து, விட்டுவிட்டு, அழுது, மறுபடி பிடிப்பாள். அந்தச் சின்ன மூக்கில் லேசான வீக்கம் வந்தாலே பாதை கிட்டத்தட்ட மூடிக்கொள்ளும். இதற்கு நம் கையில் உள்ள நல்ல மருந்து வெறும் உப்புத் தண்ணீர்தான்.

மருந்துக்கடையில் சலைன் நேசல் டிராப்ஸ் என்று கேளுங்கள். உள்ளே இருப்பது சோடியம் குளோரைடு மட்டும்தான் என்று பாட்டிலைத் திருப்பிப் படித்துப் பார்த்து வாங்குங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரே கம்பெனி, ஒரே மாதிரிப் பெட்டியில், ஆக்சிமெடாசோலின், சைலோமெடாசோலின் என்ற மருந்துள்ள சொட்டுகளையும் விற்கிறது. அவை மூக்கின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி அடைப்பை நிமிஷத்தில் திறந்துவிடும். அதனாலேயே கைக்குழந்தைக்கு ஆபத்து. அளவு கொஞ்சம் கூடினாலும் குழந்தை மயங்கித் துவளும், நாடித்துடிப்பு குறையும், மூச்சே தடுமாறலாம். ஒருமுறை என்னிடம் தூங்கிக்கொண்டே இருக்கும் இரண்டு மாதக் குழந்தையைக் கொண்டுவந்தார்கள். பையில் இருந்த பாட்டில் அப்பாவுடையது. பெரியவர்களும் பெரிய பிள்ளைகளும்கூட அந்த மருந்தை மூன்று முதல் ஐந்து நாளுக்கு மேல் போட்டால், நிறுத்தியதும் முன்னைவிட மோசமாக அடைக்கும். பிறகு அதை விடவே முடியாது.

சொட்டு விடும் விதத்தைச் சொல்கிறேன். பால் கொடுப்பதற்குப் பத்துப் பதினைந்து நிமிஷம் முன்பு பாட்டிலை உள்ளங்கையில் ஒரு நிமிஷம் வைத்திருங்கள். ஜில்லென்று விழுந்தால் அடுத்த முறை பாட்டிலைப் பார்த்ததுமே அழுவாள். மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து, தலை கொஞ்சம் பின்னால் சாயும்படி வைத்து, ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். ஒரு நிமிஷம் அப்படியே விடுங்கள். தும்முவாள், அதிலேயே பாதி வெளியே வந்துவிடும். மீதியை ரப்பர் பல்பு உறிஞ்சியால் எடுக்கலாம்: பல்பை வெளியிலேயே அமுக்கிக் காற்றை விட்டுவிட்டு, நுனியைத் துவாரத்தின் வாசலில் மட்டும் வைத்து, மெதுவாக விரலைத் தளர்த்தினால் சளி ஏறிவிடும். உள்ளே நுழைக்க வேண்டாம். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவைக்கு மேல் உறிஞ்சவும் வேண்டாம். அடிக்கடி செய்தால் மூக்குச் சவ்வு புண்ணாகி இன்னும் வீங்கும். உறிஞ்சி இல்லையென்றால் சுத்தமான வேட்டித் துணியைத் திரி மாதிரி முறுக்கி ஓரத்தில் துடைத்தாலே போதும். தாய்ப்பாலைக் குறைக்காதீர்கள். நேரம் குறைத்து, தடவை கூட்டிக் கொடுங்கள்.

இதையெல்லாம்விட நீங்கள் பழக வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. குழந்தை தூங்கும்போது சட்டையைத் தூக்கி நெஞ்சையும் வயிற்றையும் பாருங்கள். போனில் ஒரு நிமிஷம் டைமர் வைத்து, வயிறு எத்தனை தடவை எழும்புகிறது என்று எண்ணுங்கள். அழும்போதோ பால் குடிக்கும்போதோ எண்ணினால் கணக்குத் தப்பும். அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்கவும் வேண்டாம். சின்னக் குழந்தையின் மூச்சு ஒரே சீராக இருக்காது. உலக சுகாதார நிறுவனம் கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்களுக்குக் கற்றுத்தரும் அளவு இதுதான்: இரண்டு மாதத்துக்குள் 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணிக்கையை எட்டினாலோ தாண்டினாலோ அது வேக மூச்சு, அன்றே காட்ட வேண்டும். உங்கள் பாப்பாவுக்கு 50, பையனுக்கு 40.

எண்ணிக்கையோடு இன்னொன்றும் பாருங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா, மூக்கு விடைக்கிறதா, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுகிறாளா? உதடு நீலம் பாரித்தால், எழுப்பினாலும் எழாமல் துவண்டால், அடங்கிப் படுத்திருக்கும்போதே மூச்சு இழுக்கையில் தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்டால், 108-ஐக் கூப்பிடுங்கள்; காலை வரை காத்திருக்க வேண்டாம். வழக்கமாகக் குடிப்பதில் பாதிகூடக் குடிக்கவில்லை, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை என்றாலும் அதே அவசரம். இன்னும் சின்னக் குழந்தைகள் வீட்டில் இருப்பவர்களுக்காக ஒரு வரி: மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி வந்தாலே, வேறு எதுவும் இல்லாவிட்டாலும், நேராக ஆஸ்பத்திரிதான்.

இந்த வயதில் மூக்கு ஒழுகலாக ஆரம்பித்து மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாளுக்குள் நெஞ்சுக்கு இறங்கும் நோய் ஒன்று உண்டு. பிராங்கியோலைட்டிஸ் என்போம், ஆர்எஸ்வி என்ற வைரஸ்தான் பெரும்பாலும் காரணம். அண்ணனுக்கு வெறும் சளியாக வந்துபோகும் அதே வைரஸ் தங்கைக்கு மூச்சிரைப்பாகலாம். அதனால்தான் பாப்பாவை இன்று காட்டச் சொன்னேன். அங்கே சரியாக இருக்கிறது என்று சொன்னாலும் அடுத்த இரண்டு மூன்று நாள் மூச்சை எண்ணிக்கொண்டே இருங்கள்.

சரி, கடைக்காரர் கொடுத்த சிரப். பெட்டியைப் பாருங்கள். குளோர்பெனிரமின், பினைலெஃப்ரின் என்று இருந்தால் அது எல்லாக் கடையிலும் "சளி மருந்து" என்று எடுத்துக் கொடுக்கும் கலவைதான். சிறு குழந்தைகளின் சளியை அது ஒரு நாள்கூடச் சீக்கிரம் குணமாக்குவதில்லை. தூக்கம், படபடப்பு, எரிச்சல் மட்டும் வரும். நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்கு இந்தக் கலவையைக் கொடுக்கக் கூடாது என்று லேபிளிலேயே அச்சிடும்படி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. அதற்குப் பிறகும் விற்பனை நிற்கவில்லை. 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோனார்கள். சளிக்கும் காய்ச்சலுக்கும் என்று கொடுத்த சிரப்தான் காரணம். அது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் 48.6 சதவீதம் இருந்ததைத் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பரிசோதனை கண்டுபிடித்தது. அந்த மாதமே மத்திய சுகாதாரத் துறை மறுபடி எழுதியது: இரண்டு வயதுக்குள் இருமல், சளி மருந்து எழுதவே கூடாது, ஐந்து வயது வரை பொதுவாக வேண்டாம். தேவையே இல்லாத ஒரு மருந்தால் அத்தனை பிள்ளைகள் போனார்கள் என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத விஷயம்.

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போதும். அதிலும் ஒரு குழி இருக்கிறது. "கால் பாட்டில் மூடி", "அஞ்சு எம்.எல்." என்று அளவு சொல்கிறோமே, எந்த பாட்டிலில் என்று யாரும் கேட்பதில்லை. கடையில் 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப் உண்டு, 250 உள்ள சிரப்பும் உண்டு. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் பெரும்பாலும் 1 மில்லியிலேயே 100 இருக்கும். கிலோவுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது கணக்கு. 12 கிலோ பையனுக்கு அதிகபட்சம் 180 மில்லிகிராம். அது 120 சிரப்பில் ஏழரை மில்லி, 250 சிரப்பில் 3.6 மில்லி, சொட்டு மருந்தில் 1.8 மில்லி. ஏழரை மில்லி கொடுத்துப் பழகிய கை, பாட்டில் மாறியது தெரியாமல் 250 சிரப்பில் அதே ஏழரையைக் கொடுத்தால் இரண்டு மடங்கு போய்விட்டது. பழைய பாட்டில், புதுப் பாட்டில் இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். ஊசி இல்லாத சிரிஞ்சால் அளந்து கொடுங்கள், டீஸ்பூன் வேண்டாம். ஆறு மணி நேர இடைவெளி, நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் இல்லை. மழைக்காலத்தில் டெங்குவும் இப்படித்தான் காய்ச்சலாக ஆரம்பிக்கும் என்பதால், இபுபுரூஃபன், மெஃபனமிக் ஆசிட் கலந்தவற்றை நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். ஆஸ்பிரின் எந்தக் காலத்திலும் கூடாது.

மாமியார் சொல்வதற்கு வருகிறேன். அவர் சொல்வது எல்லாமே தப்பில்லை. மிளகு, பூண்டு தட்டிப் போட்ட ரசத்தில் குழைத்த சோறு, தூதுவளை ரசம், துளசி போட்ட வெந்நீர், இவையெல்லாம் பையனுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். சூடாக உள்ளே இறங்கும் எதுவும் தொண்டைக்கு இதம். ராத்திரி இருமலுக்குப் படுக்கும் முன் அரை டீஸ்பூன் தேன் கொடுங்கள். கடையில் விற்கும் இருமல் சிரப்புகளைவிட அதற்கு ஆதாரம் அதிகம். ஆனால் ஒரு வயது ஆகாத பாப்பாவுக்குத் தேன் ஒரு சொட்டுகூட, நாக்கில் தடவக்கூட வேண்டாம். அதில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியாவின் வித்துக்கள் கைக்குழந்தையின் குடலில் முளைத்துத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும்.

வேது பிடிப்பதை மட்டும் நிறுத்துங்கள். குழந்தைகளின் சளி அதனால் சீக்கிரம் போவதாக ஆதாரம் இல்லை. கொதிக்கிற பாத்திரம் கவிழ்ந்து தொடை வெந்துபோன குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். கற்பூர எண்ணெய் இன்னும் மோசம். கற்பூரம் தோல் வழியாகவும் ஏறும், வலிப்பு வரும். காய்ச்சலே இல்லாமல் வலிப்போடு வரும் குழந்தையின் நெஞ்சை முகர்ந்து பார்ப்பது எங்கள் ஊர்ப் பக்க டாக்டர்களுக்குப் பழக்கம். யூகலிப்டஸ் தைலமும் அப்படியே. இரண்டு வயதுக்குள் மெந்தால், கற்பூரக் களிம்பு எதுவும் வேண்டாம். பெரிய பிள்ளைக்கும் மூக்குக்குள் தடவக் கூடாது. சாம்பிராணிப் புகை அடைத்த மூக்கை இன்னும் அடைக்கும்.

எண்ணெய்க் குளியல் அன்று குழந்தையின் மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, வாயால் ஊதிச் சளி எடுப்பது நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது, அங்கேயே தங்கி நிமோனியாவாகும். உங்கள் மாமியாரிடம் "டாக்டர் திட்டினார்" என்று என் பேரைச் சொல்லிவிடுங்கள். வீட்டில் சண்டை வராமல் இருக்க அதுதான் வழி.

நெபுலைசர் சளியைக் கரைக்கும் இயந்திரம் இல்லை. மூச்சுக்குழாய் சுருங்கி வீசிங் வந்தவர்களுக்கு அதைத் திறக்கும் மருந்தை உள்ளே அனுப்பும் கருவி, அவ்வளவுதான். மூக்கு ஒழுகுகிற பையனுக்கு அதனால் கை நடுக்கமும் படபடப்பும்தான் மிச்சம். அப்புறம், அடுத்த இரண்டு மூன்று சளிக்குள் யாராவது ஒருவர் "பிரைமரி காம்ப்ளெக்ஸ்" என்று சொல்லி ஆறு மாத மருந்து எழுதிக் கொடுக்க வாய்ப்பு உண்டு; இந்தப் பேர் தமிழ்நாட்டில் அவ்வளவு பிரபலம். அது குழந்தைகளுக்கு வரும் காசநோய். அடிக்கடி சளி பிடிப்பது அதன் அறிகுறி அல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் விடாத காய்ச்சல் அல்லது இருமல், எடை இறங்குவது, வீட்டில் காசநோய் உள்ள ஒருவர், இவை இருந்தால்தான் சந்தேகம். தோல் பரிசோதனை, எக்ஸ்ரே, சளி அல்லது இரைப்பை நீரில் கிருமித் தேடல் இல்லாமல் அந்த மருந்தை ஆரம்பிக்கச் சம்மதிக்காதீர்கள்.

பையன் விஷயத்தில் எப்போது காட்ட வேண்டும் என்று மேலே சொன்னதோடு இரண்டு மூன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ராத்திரியில் திடீரென்று காதைப் பிடித்துக்கொண்டு அலறினால் நடுக்காதில் தொற்று இறங்கியிருக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு மூக்கையும் காதையும் இணைக்கும் குழாய் குட்டையாக, படுத்தாற்போல இருக்கும். ஒரே ஒரு துவாரத்தில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் அது சளியே இல்லை, உள்ளே எதையோ போட்டுக்கொண்டிருக்கிறான். பட்டாணி, பாசிமணி, பென்சில் ரப்பர் என்று நான் எடுத்தவை ஒரு டப்பா நிறைய இருக்கும். பட்டன் பேட்டரியாக இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் அந்த மணி நேரமே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஓட வேண்டும், அது சதையை அரித்துவிடும். இன்னும் மூன்று நான்கு வயது கூடிய பிறகு, மூக்கு ஒழுகலும் இருமலும் இல்லாமல் காய்ச்சலோடு தொண்டை மட்டும் வலித்து, கழுத்தில் நெறி கட்டினால் காட்டுங்கள். அது பாக்டீரியாவாக இருக்கலாம். நம் நாட்டில் அதைச் சரியாகக் குணப்படுத்தாமல் விட்டு இதய வால்வு கெட்டுப்போனவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அங்கே ஆன்டிபயாடிக்கை டாக்டர் சொன்ன அத்தனை நாளும் கொடுத்தே ஆக வேண்டும்.

பாப்பாவின் தடுப்பூசி அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். நிமோனியாவுக்கான பிசிவி ஊசி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம்: ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம். முதல் இரண்டில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் அங்கேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சளி பிடித்திருப்பதைச் சொல்லி ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

பையனுக்குக் காய்ச்சல் விட்டு ஒரு நாள் முழுதாகி, வழக்கம்போல் விளையாடினால் பிளேஸ்கூலுக்கு அனுப்பலாம். பச்சைச் சளி முழுக்க நிற்க வேண்டும் என்று பார்த்தால் இந்த வருடம் அவன் பள்ளிக்கே போக மாட்டான். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் தங்கையிடம் விடுங்கள். தயிர் சாதமும் வாழைப்பழமும் கேட்டால் கொடுங்கள். இன்று ராத்திரி இரண்டு பேரும் தூங்கின பிறகு மூச்சை எண்ணி, கிடைத்த எண்ணையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். அடுத்த தடவை என்னைப் போன்ற ஒருவர் முன்னால் உட்காரும்போது, சளியின் நிறத்தை விவரிப்பதற்குப் பதிலாக அந்தத் தாளை நீட்டுங்கள்.